கேட்டுத் தெளிதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்சயர் என்னும் சிறிய மாநிலம் உள்ளது. அம்மாநிலத்து மான்செஸ்டர் நகரில், 1992-ஆம் ஆண்டில், பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் புதுமையான போட்டி ஒன்று நடைபெற்றது. கூடத்தின் நடுவே அமைந்த களத்தில் மக்காச்சோள மணிகள் பரப்பப்பட்டிருந்தன. அங்கே கிடந்த டென்னிஸ் பந்துகளைத் திரட்டுவதே ஆட்டம். ஆனால், பந்துகளைத் திரட்டக் களத்தில் இறங்கியவர் மாணவர் அல்லர். மாணவர் உருவாக்கிய ரோபோக்களே இறங்கின. மாணவர் களத்துக்கு வெளியே நின்று அவற்றை இயக்கினர். அன்று வந்திருந்த அணிகள் 28.

இப்போட்டியைத் தோற்றுவித்தவர் டீன் கேமன். மருத்துவக் கருவிகள் சிலவற்றைப் புதிதாக ஆக்கிப் பெயர் பெற்ற அவர், 1989-இல் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பை நிறுவினார். பந்தாட்ட வீரனுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அறிவியல் பயிலும் இளைஞனுக்கும் கிடைத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்குத் துணை நின்றவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் வுடி பிளவர்ஸ். தம் வகுப்பு மாணவருக்குப் பலவகைப் பொருள்களைக் கொடுத்து, அவற்றைக் கொண்டே ஒரு பொறி செய்து ஒருவரோடொருவர் போட்டியிடுமாறு பணித்துக் கற்பித்தவர் அவர். கடுமையாகப் போட்டியிடுதலும் எதிரணியை மதித்தலும் ஒருங்கே இயலும் என்பது அவர் விடாது கற்பித்த கொள்கை. அவர் 2019-இல் மறைந்தார். அன்று 28 அணிகளோடு தொடங்கிய போட்டியில் இந்நாளில் 3,000-க்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொள்கின்றன. கனடா, மெக்சிகோ, பிரேசில், இஸ்ரேல், துருக்கி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்தும் உயர்நிலைப் பள்ளி மாணவர் வருகின்றனர்.

இப்போட்டிக்கும் ஏனைய விளையாட்டுகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சடுகுடு ஆடும் சிறுவர் எவரும் விதிநூலைப் புரட்டுவதில்லை. கோட்டைத் தொட்டால் என்ன, மூச்சு விட்டால் என்ன என்பதெல்லாம் அண்ணன்மாரிடமிருந்து தம்பியர் கற்றவை. ஐயம் எழுந்தால், ‘சென்ற ஆண்டு திருவிழாவில் இப்படித்தான் ஆடினோம்’ என்று ஒருவர் சொல்ல, வழக்குத் தீர்ந்துவிடும். ரோபோப் போட்டிக்கு அத்தகைய சென்ற ஆண்டு இல்லை. ஆண்டுதோறும் ஆட்டமே மாறிவிடுகின்றது. 2023-இல் கூம்புகளையும் கனசதுரங்களையும் எடுத்து வைத்த பொறிகள், 2024-இல் நுரைப்பொருளால் ஆகிய வளையங்களை எறிய வேண்டியிருந்தன. சனவரித் திங்களின் தொடக்கத்தில் ஒரு நாள் புதிய ஆட்டமும் அதன் விதிகளும் உலகெங்கும் ஒரே வேளையில் வெளியிடப்படும். அந்நாள் வரை அவ்வாட்டத்தை அறிந்தவர், அதனை வகுத்தோரன்றிப் பிறர் இலர். பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ போட்டிகள் தொடங்கிவிடும். இடைப்பட்ட சில வாரங்களில் விதிகளைப் படித்து, பொறியை எண்ணி, வரைந்து, உலோகத்தை அறுத்து, இணைத்து, இயக்கிப் பார்த்தல் வேண்டும். எடை 50 கிலோகிராமைத் தாண்டும் பொறிகள் பல. அவை விரைந்து ஓடிக் களத்தில் மோதிக்கொள்ளும். ஆதலின், விதி என்பது இங்கே வெற்றி தோல்விக்கு மட்டும் உரியதன்று, காவலுக்கும் உரியது.

அந்த விதிகளைத் தாங்கிய கையேடு நூறு பக்கங்களுக்கு மேல் விரிவது. அதன் அமைப்பைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர்; ஏனெனில், அது நூற்பாவும் உரையும் கலந்தாற்போன்றது. எண்ணிட்ட விதி ஒவ்வொன்றும் ஒரு நூற்பா. சிறப்புப் பொருளில் வழங்கும் சொற்கள் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டு, அவற்றின் பொருள் இறுதியிலுள்ள சொல்விளக்கப் பகுதியில் வரையறுக்கப்பட்டிருக்கும். விதிகளின் அடியில், நீலக் கட்டத்துக்குள், விதி ஏன் வந்தது, எவ்வாறு பொருந்தும் என்னும் விளக்கம் இருக்கும். இது உரை. நூற்பாவும் உரையும் ஓரிடத்தில் முரணுமாயின், நூற்பாவே நிற்கும் என்று கையேடு முன்னரே கூறிவிடுகின்றது. வேற்று மொழிகளில் பெயர்க்கப்பட்ட கையேட்டுக்கும் ஆங்கில மூலத்துக்கும் வேறுபாடு நேரின், மூலமே அதிகாரமுடையது. துருக்கி மாணவன் தன் மொழியில் படிக்கலாம். வழக்கு என்று வந்தால் ஆங்கிலப் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். இது அவனுக்குச் சிறிது சுமையே. ஆயினும், இரண்டு மூலங்கள் இருப்பின் விளையும் குழப்பத்தை நோக்க, அச்சுமை சிறிது.

விதியைப் படிக்கும் முறை பற்றியும் கையேடு ஒரு கொள்கை உடையது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் சில காலம் வெளிவந்த கையேடுகள், விதிகளைப் பொறியாளரைப் போலப் படிக்குமாறும், வழக்கறிஞரைப் போலச் சொல்லைப் பிளந்து ஓட்டை தேட வேண்டாவென்றும் அறிவுறுத்தின. விதியின் நோக்கத்தை உணர முயல்க என்பது அவற்றின் போக்கு. பிற்காலக் கையேடுகளோ, எழுதியது எதுவோ அதுவே பொருள் என்றும், நோக்கத்தையும் பழைய ஆண்டு வழக்கத்தையும் ஊகித்துப் பொருள் கொள்ள வேண்டா என்றும், மறைந்து நிற்கும் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்றும் கூறுகின்றன. இவ்விரண்டனுள் எது நன்று? நோக்கத்தைத் தேடச் சொல்வது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால், நோக்கத்தை ஒவ்வொருவரும் தமக்கு வாய்ப்பானபடி கண்டுபிடிப்பர். பல ஆண்டுகளாகப் போட்டியில் பழகிய அணிக்கு அமைப்பாளரின் எண்ணம் ஒருவாறு தெரியும். முதலாண்டில் வரும் அணிக்குத் தெரிய வழியில்லை. எழுத்தோ இருவருக்கும் பொது. ஆதலின், பிற்காலக் கொள்கையே புதியவர்க்கு நீதி செய்வது.

இனி, எழுத்து எவ்வளவுதான் செவ்வையாக இருப்பினும் ஐயம் எழாமல் இராது. ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒவ்வொரு பொறியையும் சுற்றி ஒரு மெத்தைக் காப்பு இருத்தல் வேண்டும். ஒட்டுப்பலகையின்மேல், நீச்சல் பயில்வோர் பற்றிக்கொள்ளும் நுரைக்குழாய்களைப் பொருத்தி, அவற்றைச் சிவப்பு அல்லது நீலத் துணியால் போர்த்துவர். இக்காப்புகள் ஒரே உயரத்தில் இருந்தால்தான் மோதும்போது மெத்தையோடு மெத்தை மோதும். ஆகவே, 2023-ஆம் ஆண்டு விதிப்படி அவை தரைக்கும் தரையிலிருந்து 7½ அங்குல உயரத்துக்கும் இடையே அடங்க வேண்டும். அவ்வாண்டின் ஆட்டத்திலோ, இருபுறமும் சாயும் மேடை ஒன்றின்மீது பொறி ஏறிச் சமநிலையில் நிற்றல் வேண்டியிருந்தது. மேடையில் ஏறும் பொறியின் முன்புறம் தூக்கி நிற்குமே, அப்பொழுது அதன் காப்பு 7½ அங்குலத்தைக் கடந்துவிடுகின்றதே, அது குற்றமாகுமா?

நல்ல ஐயந்தான். ஆயினும், இதனை அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய தேவை இல்லை. பொறி சமதரையில் நிற்பதாகக் கொண்டே உயரம் அளக்கப்படும் என்பதும், சாய்ந்து நிற்கும் பொறியை அப்படியே சமதரைக்கு மாற்றி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் கையேட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். மாணவர் எழுப்பும் வினாக்கள் பலவற்றுக்கு விடை இவ்வாறு அடுத்த பத்தியிலேயே உறங்கிக் கிடப்பதுண்டு. ஒரு வரியைப் படித்தவுடன் எழுதுகோலை எடுப்பவன் அதனைக் காணமாட்டான்.

கையேட்டை முழுதும் படித்த பின்னும் தீராத ஐயத்தைக் கேட்க முறையான வழி ஒன்று உண்டு. போட்டி அமைப்பினர் வினா விடைப் பகுதி ஒன்றை நடத்துகின்றனர். அணியின் பெயரால் வினா அனுப்பலாம். வினாவும் விடையும் எல்லா அணிகளும் காணுமாறு வெளியிடப்படும். விதியில் உண்மையாகவே குறை இருப்பதாகத் தெரிந்தால், விடை கூறுவதோடு நில்லாமல் விதியையே திருத்துவர். அத்திருத்தங்கள், பொறி செய்யும் வாரங்களில், செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவரும். ஓர் அணி எழுப்பிய ஐயத்தால் உலகெங்கும் உள்ள அணிகளின் கையேட்டில் ஒரு சொல் மாறுவதும் உண்டு. இதில் அணியின் வயதோ, நாடோ, முன்பு பெற்ற பரிசுகளோ கணக்கில் இல்லை.

எத்தகைய வினாவைக் கேட்கலாம் என்பதையும் கையேடு சொல்கின்றது. வினா, குறிப்பிட்ட விதியைச் சுட்டுதல் வேண்டும். பொதுவான நிலையைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். ஒரே வினாவில் ஐந்தாறு நிலைமைகளைப் பின்னிக் கேட்டலும், சென்ற வாரப் போட்டியில் நடுவர் செய்தது சரியா என்று முறையிடுதலும், ‘எங்கள் பொறி விதிக்கு உட்பட்டதா?’ என்று ஒப்புதல் வேண்டுதலும் ஏற்கப்படா. இறுதியில் சொன்னது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால், அதிகாரிகள் அப்பொறியைக் கண்ணால் கண்டவர் அல்லர். எழுத்தில் வந்த விவரத்தைக் கொண்டு ‘சரி’ என்று சொல்லி, நேரில் வேறாக இருந்தால் யாது செய்வது? பொறியைத் தொட்டும் அளந்தும் தீர்ப்புக் கூறும் உரிமை அந்தந்தப் போட்டியின் தலைமைச் சோதனையாளருக்கு உரியது.

வினா அறுவகைப்படும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. அதிகாரிகளுக்கு வரும் வினாக்களை இப்பகுப்பில் வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இருபொருள் படும் விதியை எடுத்து, ‘இதுவோ அதுவோ?’ என்று கேட்பது ஐயவினா. அதிகாரிகள் விரும்புவது இதனையே. ‘எங்கள் பொறிக்கு ஒப்புதல் உண்டா?’ என்பது கடையில் சென்று ‘அரிசி உண்டா?’ எனக் கேட்கும் கொளல்வினாவின் இனம். விடையை நன்கு அறிந்திருந்தும், எதிரணி செய்யப்போகும் உத்தியை எல்லார் முன்னிலையிலும் தடைசெய்விக்கும் கருத்தோடு கேட்பாரும் உளர், அது அறிவினாதான். ஆசிரியர் மாணவனிடம் கேட்கும் அறிவினாவுக்கு உள்ள தூய்மை அதற்கு இல்லை.

இங்கே ஒரு பெரிய சிக்கல் தோன்றுகின்றது. வினா பொதுவில் வெளியாகும் என்று கூறப்பட்டதன்றோ? அதனால், கேட்பவன் விடையைப் பெறுவதோடு, தன் மனத்தில் உள்ளதையும் ஓரளவு வெளிப்படுத்திவிடுகின்றான். இதனை விளக்க, 2024-ஆம் ஆண்டின் ஆட்டத்தில் ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

அவ்வாண்டில் களத்தில் கிடந்தவை 14 அங்குல விட்டமுடைய செம்மஞ்சள் நிற நுரை வளையங்கள். ஒரு பொறி ஒரு வேளையில் ஒரு வளையத்தையே தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம். இரண்டாவதைக் கணநேரத்துக்கு மேல் கட்டுப்படுத்தினால் தவறு. ‘கட்டுப்பாடு’ என்பது யாது? வளையம் பொறியால் முழுதும் தாங்கப்பட்டால் அது கட்டுப்பாடு. பொறி அதனை வேண்டிய திசையில் வேண்டுமென்றே செலுத்தினாலும், ஆட்டு மந்தையை ஓட்டுவதுபோல, அதுவும் கட்டுப்பாடு. வழியில் கிடந்த வளையம் பொறி போகும் போக்கில் தற்செயலாக இடிபட்டு நகர்ந்தால் அது கட்டுப்பாடு அன்று. கையேடு கூறுவது இவ்வளவே.

சனவரியில், பட்டறையில் மேசையைச் சுற்றி அமர்ந்த மாணவருள் ஒருவன் இதில் ஒரு வாய்ப்பைக் காண்கின்றான். பொறியின் முன்புறத்தை அகன்ற நேரான சுவராக அமைத்துவிட்டால், ஒரு வளையத்தை ஏந்திக்கொண்டு திரும்பி வரும்போது வழியில் கிடப்பவையெல்லாம் தாமே தம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு வரும். “நாம் அவற்றைச் செலுத்தவில்லை, வீடு திரும்புகின்றோம், அவை குறுக்கே கிடந்தன” என்கின்றான் அவன். மேசையில் சிரிப்பு எழுகின்றது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “சுவரை அகலமாக வைப்பதே அவற்றைத் தள்ளுவதற்குத்தானே? அப்படியானால் தற்செயல் என்று எப்படிச் சொல்வாய்? கேட்டுவிடுவோம்” என்கின்றாள்.

“கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கேளாமல் இருந்தால் நமக்கு மட்டும் தெரியும்.”

“கேளாமல் செய்து, மார்ச்சில் நடுவர் தவறு என்றால்?”

இவ்விருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. புதிய கருத்தைக் காத்துவைத்தல் குற்றமன்று. தம் வடிவமைப்பைப் போட்டிநாள் வரை வெளியிடாத அணிகள் பல. மற்றொரு புறம், ஐயமுள்ள விதியின்மேல் சில வாரங்களின் உழைப்பையும் சேர்த்து வைத்த பணத்தையும் அடுக்குவது மணல்மேல் சுவர் எழுப்புவதாகும். சோதனையாளரோ நடுவரோ மறுத்துவிட்டால், போட்டிக் கூடத்தின் மூலையில், கையில் கிடைத்த இரம்பத்தால் அச்சுவரை அறுக்க நேரிடும். அவ்வாறு கடைசி நேரத்தில் அறுக்கப்பட்ட பொறி முன்போல் ஓடுவது அரிது. இன்னும் ஒன்று உண்டு. இரண்டு பொருள் படும் விதிக்கு ஓர் அணி ஒரு பொருளும், வேறு நகரத்து அணி வேறு பொருளும் கொண்டு, இரண்டும் வெவ்வேறு நடுவர் முன் ஆடினால், ஒரே செயலுக்கு ஓரிடத்தில் புள்ளியும் மற்றோரிடத்தில் தண்டனையும் கிடைக்கும். அப்பொழுது இரண்டும் ஒரே ஆட்டம் ஆகமாட்டா.

அவ்வணியினர் நெடுநேரம் வாதிட்ட பின் கேட்பதென முடிவு செய்கின்றனர். எவ்வாறு கேட்பது என்பதில் மீண்டும் வாதம். முதல் வரைவு இவ்வாறு அமைகின்றது: ‘எங்கள் பொறியின் முன்புறம் அகன்ற நேர்ச்சுவராக உள்ளது, இது சரியா?’ இது ஒப்புதல் வேண்டும் வினா, விடை கிடைக்காது, மறைபொருளும் வெளியாகும். இரண்டாம் வரைவு ஒரு பக்கம் நீள்கின்றது. மூன்றாம் வரைவை அம்மாணவி எழுதுகின்றாள். கட்டுப்பாடு பற்றிய விதியின் எண்ணைச் சுட்டி, ஒரு பொறி தான் செல்லும் வழியில் கிடக்கும் வளையங்களைத் தொடர்ந்து தள்ளிச் சென்றால், வேண்டுமென்றே செலுத்துதலா தற்செயலா என்பது எதைக் கொண்டு முடிவு செய்யப்படும் என்று ஒரே வாக்கியத்தில் கேட்கின்றாள். சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உண்மையை மறைக்கவில்லை, வேண்டாததைச் சொல்லவில்லை.

விடை அவர்கள் விரும்பியபடி வரவில்லை. குறிப்பிட்ட வடிவமைப்புக்குத் தீர்ப்புக் கூற இயலாது என்றும், பொறியின் இயக்கத்தைக் கண்டு நடுவர் முடிவு செய்வார் என்றும், வளையங்களை ஒரு திசையில் தொடர்ந்து கொண்டுசெல்வது தற்செயலாகக் கருதப்படுவது அரிது என்றும் வருகின்றது. அகன்ற சுவர்க் கருத்தைச் சொன்ன மாணவன் முகம் வாடுகின்றது. ஆனால், அன்று மாலையே அவன் வேறொரு வடிவத்தை வரைகின்றான்: முன்புறம் கலப்பையின் கொழுமுனை போல நடுவில் குவிந்து இருபுறமும் சரிந்திருக்கின்றது. இடையில் கிடக்கும் வளையம் பக்கவாட்டில் விலகிப் போகும்; பொறியின் வேகமும் குறையாது. அதே விடையைப் படித்த வேறு அணிகளும் அதையே செய்திருக்கலாம். அதற்கு இவர்கள் வருந்தி என்ன பயன்?

பட்டறையில் கேட்கும் வினா ஒருவகை. களத்தில் கேட்கும் வினா மற்றொரு வகை. முன்னதற்கு நாள்கள் உண்டு. பின்னதற்குச் சில நிமிடங்களே உண்டு. 2024-இல் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. சிவப்புக் கூட்டணியில் மூன்று பொறிகள், நீலக் கூட்டணியில் மூன்று பொறிகள். ஆட்டம் முடிந்து, களத்தில் நுழையலாம் என்பதற்கு அடையாளமாகப் பச்சை விளக்குகள் எரியும். தீர்ப்பில் ஐயமுடைய அணி, நடுவர் மேசையின் அருகே தரையில் வரையறுக்கப்பட்ட சிறு கட்டத்தில் வந்து நிற்கலாம். அதற்கு வினாக் கட்டம் என்று பெயர். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. யார் வேண்டுமானாலும் அதில் நிற்க முடியாது. களத்தில் பொறியை இயக்கிய குழுவைச் சேர்ந்த ஒரே ஒரு மாணவனோ மாணவியோதான் நிற்கலாம். அணிக்கு வழிகாட்டும் பொறியாளர் எவ்வளவு கற்றவராயினும், பெற்றோர் எவ்வளவு சினம் கொண்டவராயினும், அக்கட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பார்வையாளர் எடுத்த படமோ, ஓடும் படக்காட்சியோ தலைமை நடுவர் முன் வைக்கப்படலாகாது. எவர் கொண்டு வந்தாலும் அவர் அதனைக் காணமாட்டார். அவர் தீர்ப்பே முடிவு.

படத்தைக் காணாமை பலருக்குக் குறையாகத் தோன்றும். கண்ணுக்கு முன் சான்று இருக்கும்போது அதனை விலக்குவானேன் என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால், எல்லா அணிக்கும் படம் எடுக்க ஆள் இராது; எடுத்த படமும் ஒரு கோணத்தையே காட்டும்; ஒவ்வொரு ஆட்டத்துக்கும் படம் பார்க்கப் புகுந்தால் நாளின் முடிவில் பாதி ஆட்டங்கள் நின்றுபோகும். தவறான தீர்ப்பு ஒன்று திருத்தப்படாமல் போகும் இழப்பை, இம்முறையை வகுத்தோர் அறிந்தே ஏற்றுக்கொண்டனர். அவ்விழப்பைத் தாங்குபவன் மாணவன் என்பதையும் மறத்தற்கில்லை.

முன்பு கூறிய அணியையே மீண்டும் எண்ணிக்கொள்ளலாம். மார்ச்சுத் திங்களில் ஒரு நாள், ஒரு புள்ளி வேறுபாட்டில் அவர்கள் கூட்டணி தோற்கின்றது. எதிர்க் கூட்டணிக்கு இரண்டு புள்ளிகள் தண்டனையால் கிடைத்தவை. இவர்கள் பொறி இரண்டாம் வளையத்தைக் கட்டுப்படுத்தியதாம்! பொறியை ஓட்டியவன் கையுறையைக் கழற்றி வீசுகின்றான். அவன் தந்தை தடுப்பின் அப்பாலிருந்து கைப்பேசியை உயர்த்திக் காட்டுகின்றார். அதில் ஆட்டம் முழுவதும் பதிவாகியுள்ளது. சனவரியில் வினா எழுதிய மாணவி கட்டத்தை நோக்கி நடக்கின்றாள். “நீ போய் என்ன சொல்வாய்? எல்லாரும் போவோம்” என்கின்றான் ஒருவன். அவள் தலையசைத்துவிட்டுத் தனியே சென்று நிற்கின்றாள்.

தலைமை நடுவர் வந்து, “சொல்லுங்கள்” என்கின்றார்.

“எங்கள் பொறி இரண்டாம் வளையத்தைக் கட்டுப்படுத்தியதாகக் குறிக்கப்பட்டது. அது வளையத்தைத் தாங்கியதற்காகவா, செலுத்தியதற்காகவா என்று தெரிந்துகொள்ள விரும்புகின்றோம்.”

‘நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்’ என்று அவள் தொடங்கவில்லை. இரண்டனுள் எது என்று கேட்டாள். நடுவர் தம் துணை நடுவர் ஒருவரிடம் சென்று பேசிவிட்டுத் திரும்புகின்றார்.

“செலுத்தியதற்காக. மைய வரிசையின் அருகே உங்கள் பொறி வலப்புறம் திரும்பியது. முன்புறத்தில் பட்டிருந்த வளையமும் அதனோடு திரும்பி, உங்கள் பக்கத்துக்கு வந்தது.”

“நேராகச் சென்றிருந்தால் அது விலகிப் போயிருக்கும். திரும்பும்போது பட்டதும் தற்செயல் ஆகாதா?”

“திரும்பிய பின்னும் அதனை விடாமல் கொண்டுவந்தீர்கள். கணநேரத்துக்கு மேல் சென்றது என்பது எங்கள் முடிவு.”

தந்தையின் கைப்பேசியில் அது கணநேரமா அன்றா என்பது இருக்கலாம். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “தெரிந்துகொண்டேன். நன்றி” என்று சொல்லிவிட்டுக் கட்டத்தைவிட்டு வெளியே வருகின்றாள். புள்ளிகள் மாறவில்லை.

பொறியை இழுத்துவரும் வண்டியின் அருகே அணியினர் சூழ்ந்துகொள்கின்றனர். தீர்ப்பு மாறியதா என்றே எல்லாரும் கேட்கின்றனர். “இல்லை” என்று சொல்லிவிட்டு, அவள் ஓட்டுநனைத் தனியே அழைக்கின்றாள். கொழுமுனை வடிவம் நேராகச் செல்லும்போதுதான் வளையத்தை விலக்குகின்றது. திரும்பும்போது சரிந்த பக்கமே சுவராகி வளையத்தை அணைத்துக்கொள்கின்றது. சனவரியில் எவரும் இதனை எண்ணவில்லை. “வளையம் முன்னால் பட்டால் திரும்பாதே. முதலில் ஓரடி பின்வாங்கு, பிறகு திரும்பு” என்கின்றாள்.

“நேரம் போகுமே.”

“ஒரு நொடி போகும்.”

அவர்களுடைய அடுத்த ஆட்டம் பிற்பகலில். மைய வரிசையின் அருகே ஒரு வளையம் பொறியின் முன் வந்து படுகின்றது. துணை நடுவர் கொடியைக் கையில் பற்றியவாறு சற்றே குனிந்து பார்க்கின்றார். பொறி நிற்கின்றது, ஓரடி பின்வாங்குகின்றது, திரும்பிச் செல்கின்றது. வளையம் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றது.